அண்ணன் வீட்டு மழை

"இது பேசலை," என்றார் சர்வேயர்.

ஸ்டூல்மேல் ஏறி நின்று, ஹாலின் பின்சுவரில் மாட்டியிருந்த ஸ்பீக்கரில் காதை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். எதிர்ச்சுவரில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கொட்டுகிற மழையில் ஒரு போலீஸ்காரன் ஒரு கடத்தல்காரனைத் துரத்திக்கொண்டிருந்தான்.

"எது பேசலை?" சோபாவில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"பின்னாடி இருக்கிற ரெண்டும். மாட்டின நாள்லேர்ந்து வாயே திறக்கலை. வெறும் பெட்டியை மாட்டிட்டுப் போயிட்டான்னு நினைக்கிறேன்."

"கழட்டிப் பாத்துட வேண்டியதுதானே?"

"பாத்தேன். உள்ளே எல்லாம் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"இருந்தா மட்டும்? அது ஒரிஜினல்தான்னு உனக்கு யார் சொன்னது?"

மனைவி அடுத்த துணியை எடுத்தாள்.

சர்வேயர் என்றால் நிலம் அளக்கிறவர் இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, அடிபட்ட வண்டியை நேரில் போய்ப் பார்த்து, அது நிஜமாகவே மோதி நசுங்கியதா, இல்லை பணம் வாங்குவதற்காக வீட்டிலேயே சுத்தியலால் தட்டி நசுக்கியதா என்று சொல்கிறவர். தலை நரைக்கும் மட்டும் இதே வேலை. ஆகையால் உலகத்தில் யார் எதைச் சொன்னாலும் முதலில் 'அப்படி இருக்காதே' என்றுதான் அவருக்குத் தோன்றும். 'பால் திரிஞ்சுபோச்சுங்க' என்று மனைவி சொன்னால்கூட, பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருத்தப்படுவார்.

அப்பேர்ப்பட்ட மனுஷன் இந்த ஜென்மத்தில் ஒரே ஒரு விஷயத்தை முழுசாக நம்பினார். அது அவருடைய அண்ணன் வீட்டு மழை.

அண்ணன் பல் டாக்டர். நாள் முழுக்க வாயைத் திறந்தபடி கிடக்கிறவர்களிடமே பேசிப் பழகியவர். எதிரில் இருப்பவன் பதில் சொல்லக்கூடும் என்ற நினைப்பே அவருக்கு வருவதில்லை. தம்பி எதைச் செய்தாலும் அவர் வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தை: 'பரவாயில்லை.' பள்ளிக்கூடத்தில் தம்பி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்தான், பரவாயில்லை. தம்பிக்கு வேலை கிடைத்தது, பரவாயில்லை. தம்பி இந்த வீட்டை வாங்கியபோது வந்து, சுவரைக் கடைவாய்ப் பல் மாதிரி விரலால் தட்டிப் பார்த்தார். பரவாயில்லை. 'நல்லாயிருக்குடா' என்ற ஒற்றை வார்த்தையை அந்த மனுஷன் வாயிலிருந்து எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்று சர்வேயருக்கு ஓர் ஆசை. இந்த வயசில் வெளியே சொன்னால் மானம் போகும் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும். அவளுக்கும் அவர் சொல்லித் தெரியவில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணன் தன் ஹாலில் புதிதாக மாட்டியிருந்த ஸ்பீக்கர்களைக் காட்டுவதற்காகத் தம்பியைக் கூப்பிட்டிருந்தார். சுற்றிலும் பெட்டி, கூரையிலும் பெட்டி. ஜன்னலுக்கெல்லாம் கனத்த திரை. போட்டது இதே போலீஸ் படம்தான். மழைக்காட்சி வந்தது. முதலில் முன்னால் பெய்தது. பிறகு பார்த்தால் தலைக்கு மேலே, முதுகுக்குப் பின்னால், சடசடவென்று அப்படி ஒரு மழை. போலீஸ்காரன் ஒரு கிடங்குக்குள் ஓடிக் கதவைச் சாத்தினான். அப்போதும் மழை விடவில்லை. உள்ளே இரண்டு பேர் மெதுவாகப் பேசுகிறார்கள், வெளியே கூரைமேல் மழை கொட்டிக்கொண்டே இருக்கிறது. சர்வேயருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

தொழில் புத்தி சும்மா இருக்குமா? எழுந்து போய் வாசல் பக்கத்துத் திரையை விலக்கிப் பார்த்தார். தெருவில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"என்னடா, நிஜ மழைன்னு நினைச்சுட்டியா?" அண்ணன் இருட்டில் சிரித்தார். "இதுக்குப் பேருதான் சரவுண்ட் சவுண்ட். உனக்கெல்லாம் இது எங்க புரியப்போவுது? காதுல விழறதையெல்லாம் சந்தேகப்படுற ஆளு நீ."

சர்வேயர் வந்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, மழை ஓயும்வரை கேட்டார்.

மறுவாரமே அண்ணனுக்கு மாட்டிய அதே ஃபிட்டரைத் தேடிப் பிடித்துத் தன் ஹாலிலும் ஒரு செட் மாட்டிவிட்டார். மாட்டிய சூட்டோடு அண்ணனுக்கு ஃபோனும் போட்டுவிட்டார். "இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை அண்ணியோட நம்ம வீட்டுக்கு வாங்கண்ணா. அதே படம், அதே மழை."

"பாக்கலாம்," என்றார் அண்ணன்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை நெருங்குகிறது, பின்பெட்டி இரண்டும் வாயைத் திறக்கவில்லை.

கூப்பிட்டதும் ஃபிட்டர் வந்துவிட்டார். இடுப்பு பெல்ட்டில் ஸ்க்ரூ டிரைவர்கள், கையில் எப்போதும் அடித்துக்கொண்டிருக்கும் செல்ஃபோன், எந்தக் கோளாறுக்கும் ஒரே பதில்.

"பெட்டி நல்லா இருக்கு சார். இது ஃபார்மட் பிரச்சினை."

"அப்படின்னா?"

"நீங்க நெட்ல பாக்குற இந்தப் படத்துல சத்தம் ரெண்டே ரெண்டு டிராக்தான் சார். இடது ஒண்ணு, வலது ஒண்ணு. ஸ்டீரியோ. பின்னாடி பெட்டிக்குன்னு தனியா எதுவுமே வரலை. வராததை அது எப்படிப் பேசும்?"

"இதை மாட்டும்போதே ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே சார்."

இந்த 'நீங்க கேக்கலையே'வைச் சர்வேயர் எத்தனையோ லாரி ஓனர்கள் வாயிலிருந்து கேட்டிருக்கிறார். அடுத்த வாக்கியத்தில் பொய் வரும் என்பது அவர் அனுபவம். கண்ணைச் சுருக்கிக்கொண்டார்.

"சரி, அட்டைப்பெட்டியில ஃபைவ் பாயின்ட் ஒன்னுன்னு போட்டிருக்கு. அஞ்சு பெட்டி இருக்கு, எண்ணிட்டேன். அந்தப் பாயின்ட் ஒண்ணு எங்க?"

"அதோ சார், மூலையில. சப்-வூஃபர்."

"யோவ், இருக்கறதுலயே பெரிய பெட்டி அதுதானேய்யா!"

"ஆமா சார். ஆனா அது அடிச் சத்தம் மட்டும்தான் பேசும். இடி, வெடி, லாரி இந்த மாதிரி. முழு ஆளாக் கணக்குல வராது. அதனாலதான் பாயின்ட் ஒண்ணு."

"பத்துல ஒரு பங்கு வேலை செய்யறவனுக்கு இருக்கறதுலயே பெரிய இடமா?"

"உங்க ஆபீஸ் மாதிரியே இருக்கே," என்றாள் மனைவி.

ஃபிட்டர் சிரித்துவிட்டு ரிமோட்டை எடுத்தார். "இப்ப என்ன, பின்னாடி ரெண்டும் பேசணும், அவ்வளவுதானே?" ஏதோ ஒரு பட்டனை அமுக்கினார். எல்லாப் பெட்டியும் ஒரே குரலில் பேச ஆரம்பித்தன. "எது வந்தாலும் எல்லாத்துக்கும் பிரிச்சுக் குடுத்துடும் சார். வரட்டுமா?"

அன்று சாயங்காலம் மனைவி சீரியல் பார்க்க உட்கார்ந்தாள். "இன்னிக்கு அவளை இந்த வீட்டை விட்டே துரத்துறேன் பாரு!" என்று சோபாவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வரவே, கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். டி.வி.யில் மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, பின்னாடி யாரோ நின்னு என்னைப் பத்தியே பேசுற மாதிரி இருக்கு."

"தள்ளி உக்காந்து பாரு."

சாப்பாட்டு மேஜைக்குப் போனாள். அங்கே பின்பெட்டி நேராகக் காதுக்கு மேலேயே இருந்தது. "இங்க இன்னும் மோசம். வீடு முழுக்க மாமியாரா இருக்கா!"

மழையும் சரியில்லை. எல்லாத் திசையிலிருந்தும் ஒரே அளவில் வந்ததால், நடுவில் உட்கார்ந்திருந்த சர்வேயருக்கு யாரோ எண்ணெய்ச் சட்டியில் எதையோ பொரிக்கிற மாதிரி இருந்தது. எரிச்சலோடு பழையபடி மாற்றிவைத்தார். மறுநாள் பார்த்தால் எல்லாப் பெட்டியும் மறுபடி பேசுகின்றன.

"ரிமோட்டை யார் தொட்டது?"

"நான் டி.வி.யை மட்டும்தாங்க போட்டேன்."

"அப்ப அதுவா மாறிக்குமா?"

"உங்களுக்கு ஏன் எம்மேல சந்தேகம் வருது? உங்க அண்ணன் வந்து மாத்திட்டுப் போயிருப்பாரு, போய்க் கேளுங்க."

விளையாட்டாகச் சொன்னாள். ஆனால் சர்வேயரின் முகம் யோசனையில் ஆழ்ந்துவிட்டது. அன்றிலிருந்து ரிமோட்டை மேஜையில் வைத்ததும் அதைச் சுற்றிச் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். விபத்து நடந்த இடத்தில் வண்டியைச் சுற்றிப் போடுவார்களே, அந்த மாதிரி. மனைவி அதைத் துடைத்தாள். அவர் மறுபடி போட்டார்.

அடுத்த தடவை ஃபிட்டர் வந்தபோது, "டிஸ்க் வாங்கிப் போடுங்க சார்," என்றார். "அதுல ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி டிராக் இருக்கும். முன்னாடி இடது, வலது, நடுவுல பேச்சுக்கு ஒண்ணு, பின்னாடி ரெண்டு. அப்புறம் பாருங்க."

அலைந்து திரிந்து அதே படத்தின் டிஸ்க்கை வாங்கிவந்து போட்டார். ஃபிட்டர் சொன்னது வாஸ்தவம்தான், பின்பெட்டிகள் தனியாகப் பேசின. படத்தில் யாரோ கதவைத் தட்ட, மனைவி எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பார்த்தாள். யாரும் இல்லை. உட்கார்ந்தாள். மறுபடி தட்டல். மறுபடி போய்த் திறந்தாள்.

"படத்துலதான் தட்டுறான்!" என்று கத்தினார் சர்வேயர்.

"அதை அவன் முன்னாடி தட்டக் கூடாதா?"

அது போகட்டும். பேச்சு மொத்தமும் இப்போது நடுப்பெட்டியின் தலையில் விழுந்திருந்தது. அந்தப் பெட்டியோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி முனகியது. "என்ன சொல்றான்னே கேக்கலை," என்று மனைவி சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கேட்கவில்லை, இன்னும் கூட்டினாள். சரியாக அந்த நேரம் பார்த்துப் படத்தில் ஒரு பாலம் வெடித்தது. மூலையில் இருந்த பாயின்ட் ஒண்ணு தன் முழு பலத்தையும் காட்டிவிட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே வாசல் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது.

மனைவி எழுந்திருக்கவில்லை. "படத்துலதான்," என்றாள்.

ரொம்ப நேரம் தட்டிவிட்டுக் கீழ்வீட்டுத் தையல்காரர் குரல் கொடுத்தார். அவருடைய நிலைக்கண்ணாடியில் விரிசல் விழுந்துவிட்டதாம்.

சர்வேயருக்கு உடனே உத்தியோக முகம் வந்துவிட்டது. "எந்தக் கண்ணாடி? எப்ப வாங்கினது? விரிசல் இதுக்கு முன்னாடியே இருந்துச்சா?"

"என்ன சார், என்னைப் போயி..."

"நான் பாக்கணும்."

கீழே இறங்கிப் போனார். விரிசலைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பழைய விரிசல்தான், ஓரத்தில் அழுக்கு ஏறியிருக்கிறது. ஆனாலும் சோதித்துவிடலாம் என்று மேலே மனைவிக்கு ஃபோன் போட்டார். "வெடி வேண்டாம், இருக்கிற கண்ணாடியும் போயிடும். அந்த மழைக்காட்சியைப் போடு. அதே சத்தத்துல."

போட்டாள்.

சர்வேயர் அண்ணாந்து பார்த்தார். தையல்காரர் வீட்டுக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது. கொஞ்சம் மங்கலாகத்தான், ஆனால் மேலேயிருந்து, நேராகத் தலைக்கு மேலேயிருந்து.

"சார், விரிசல் இங்க இருக்கு," என்றார் தையல்காரர்.

"கொஞ்சம் சும்மா இருங்களேன்!"

மேலே வந்தபோது அவர் முகம் தொங்கிப்போயிருந்தது. "நம்ம மழை அவன் வீட்டுல பெய்யுது," என்றார்.

"அப்ப உங்க அண்ணனை அங்கேயே உக்கார வெச்சுடலாம்," என்றாள் மனைவி.

ஒன்று மட்டும் தெளிவாகிவிட்டது. மழை வேண்டுமென்றால் சத்தம் மேலேயிருந்து வரவேண்டும். மூன்றாவது தடவையாக ஃபிட்டர் வந்தார்.

"ஃபைவ் பாயின்ட் ஒன் பாயின்ட் டூ ஆக்கிடலாம் சார்."

"இன்னொரு பாயின்டா! அது எத்தனை பங்கு ஆளு?"

"இது முழு ஆளுதான் சார். கூரையில ரெண்டு பெட்டி. இதுல டிராக் கணக்கு மட்டும் இல்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு இடம் குறிச்சு வெச்சிருப்பாங்க. ஹெலிகாப்டர் இங்க பறக்குது, மழை அங்க பெய்யுதுன்னு. இந்த ஆம்ப்ளிஃபயர் மிஷின் அதைப் படிச்சுப் பாத்துட்டு, நம்ம வீட்டுல அந்த இடத்துக்குப் பக்கத்துல எந்தப் பெட்டி இருக்கோ அதுக்கு அனுப்பிடும். அந்த ஃபார்மட்ல இருக்கிற டிஸ்க்கா வாங்கணும்."

"இந்தப் படத்துல மழைக்கு இடம் மேலேன்னு குறிச்சிருக்கானா?"

"குறிச்சிருந்தா வரும்."

"எங்க அண்ணன் வீட்டுல வந்துச்சே! கதவைச் சாத்தினப்புறமும் வந்துச்சே!"

ஃபிட்டர் தலையைச் சொறிந்தார். "அதுதான் சார் எனக்கும்..." என்று ஆரம்பித்தவர், செல்ஃபோன் அடிக்கவே எடுத்துக் காதில் வைத்தார். "டாக்டர் சார்... சொல்லுங்க சார்... ஆமா சார், மழைக்குத்தான்..." சர்வேயரின் பார்வையைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பால்கனிக்குப் போய், கதவையும் சாத்திக்கொண்டார்.

சர்வேயர் மனைவியைப் பார்த்தார். "பாத்தியா?"

"எதை?"

"எங்க அண்ணன்தான் அவனுக்கு ஃபோன் போடுறார். நம்ம வீட்டு மழையைப் பத்திப் பேசுறாங்க. இவன் ஒவ்வொரு தடவையும் ஏன் அரைகுறையா முடிச்சுட்டுப் போறான்னு இப்ப புரியுதா?"

"ஐயோ, உங்க அண்ணனுக்கு வேற வேலை இல்லையா?"

"உனக்கு அவரைப் பத்தித் தெரியாது."

ஃபிட்டர் போனதும் அண்ணனுக்கே நேராக ஃபோன் போட்டார். சந்தேகம் இருக்கிற கேஸில் ஆளிடம் திடீரென்று கேட்டுவிட வேண்டும், முகத்தில் தெரிந்துவிடும் என்பது அவர் தொழில் ரகசியம். ஃபோனில் முகம் தெரியாது என்பது பேச ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

"அண்ணா, உங்க வீட்டுல மழைக்கு என்ன செட்டிங் வெச்சிருக்கீங்க?"

"ஏன் கேக்குறே?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குற ஆளா நீ? அன்னிக்கு ரிமோட் யார் கையில இருந்துச்சு?"

"உங்க கையிலதான்."

"ம்," என்று சொல்லிவிட்டு அண்ணன் வைத்துவிட்டார்.

"மறைக்கிறார்!" என்று ஹாலின் குறுக்கும் நெடுக்கும் நடந்தார் சர்வேயர். "நல்லா மறைக்கிறார்."

கூரையைக் குடைந்தார்கள். வீடெங்கும் வெள்ளைத் தூசி. பருப்பு டப்பாவுக்குள்கூட எப்படிப் போனது என்று தெரியவில்லை. கூரையிலிருந்து இரண்டு வட்டமான பெட்டிகள் எட்டிப் பார்த்தன. பிறகு ஃபிட்டர் ஒரு சின்ன மைக்கை எடுத்துச் சோபாவின் நடுவில், சர்வேயர் உட்காருகிற இடத்தில் நிற்கவைத்தார்.

"இப்ப மிஷினே ஒவ்வொரு பெட்டியா சத்தம் குடுத்து, எது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு அளந்துக்கும். அதுவரைக்கும் வீட்டுல ஒரு சத்தம் வரக் கூடாது."

சர்வேயர் ஃபேனை நிறுத்தினார். கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பீரோவில் வைத்தார். கீழே போய்த் தையல்காரரிடம் மிஷினை மிதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெட்டிகள் ஒவ்வொன்றாக 'விர்ர்ர்' என்று கூவின. கூரையின் இடதுபெட்டி கூவுகிற நேரத்தில் அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது.

அவ்வளவுதான். கூரையின் இடதுபெட்டி அடுப்படியில் இருக்கிறது என்று மிஷின் முடிவு கட்டிவிட்டது. 'ஐயோ பாவம், இவ்வளவு தூரத்தில் இருக்கிறதே' என்று அதற்கு மட்டும் சத்தத்தை அள்ளிக் கொடுத்துவிட்டது. மழை ஹாலின் இடதுபக்கம் மட்டும் வெளுத்து வாங்கியது.

"குக்கரை வேணும்னே வெச்சியா?" என்று கேட்டார் சர்வேயர்.

மனைவி கரண்டியோடு வந்து நின்றாள். "ஆமா. உங்க அண்ணன்தான் ஃபோன் போட்டு விசில் அடிக்கச் சொன்னாரு."

அதைக்கூட ஒரு கணம் அவர் நம்பிவிட்டார் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

மறுபடி அளந்தார்கள். புது டிஸ்க் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, ஒரே ஒரு தடவை மழைக்காட்சியைப் போட்டுப் பார்த்தார். மழை மேலேயிருந்து பெய்தது. பின்னாலும் பெய்தது. யாரும் குறை சொல்ல முடியாத மழை.

"நல்லாத்தானே இருக்கு!" என்றாள் மனைவி.

"பரவாயில்லை," என்றார் சர்வேயர். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டார். "இது அது இல்லை. அண்ணன் வீட்டு மழையில ஒரு உயிர் இருந்துச்சு. இதுல அவன் கிடங்குக்குள்ள போய்க் கதவைச் சாத்தினதும் டக்குன்னு நின்னுடுது பாரு. அங்க நிக்கவே இல்லை. ஏதோ ஒண்ணை எங்கிட்டேருந்து மறைச்சுட்டாங்க."

சாயங்காலம் அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணி நேராக அடுப்படிக்குப் போய் மனைவியோடு பேச்சில் இறங்கிவிட்டார். அண்ணன் ஹாலில் நுழைந்ததுமே, கிளினிக் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவனின் வாயைப் பார்க்கிற மாதிரி கூரையைப் பார்த்தார். பின்சுவரைப் பார்த்தார். மூலையில் குனிந்து பாயின்ட் ஒண்ணுக்குப் பின்னாலும் பார்த்தார்.

"எத்தனை பெட்டிடா?"

"ஃபைவ் பாயின்ட் ஒன் பாயின்ட் டூ."

"ம்."

திரையை இழுத்துவிட்டுப் படத்தைப் போட்டார். தன் இடத்தை, அந்த மைக் வைத்து அளந்த இடத்தை, அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார் சர்வேயர். டி.வி.யைப் பார்க்கவில்லை, அண்ணனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை ஆரம்பித்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இதோ சொல்லப்போகிறார், இதோ.

போலீஸ்காரன் கிடங்குக்குள் ஓடினான். கதவைச் சாத்தினான். மழை நின்றது.

அண்ணன் துள்ளி எழுந்தார். "பாத்தியா! இங்கயும் நின்னுடுச்சு!"

"இங்கயுமா?"

"நடிக்காதடா. அன்னிக்கு நீ வந்துட்டுப் போனதிலேர்ந்து எங்க வீட்டுல மழை சரியா வரலை. கதவைச் சாத்தினா நின்னுடுது. அந்த ஃபிட்டர் எத்தனை தடவை வந்து போயிட்டான் தெரியுமா? கூரையில இன்னும் ரெண்டு பெட்டி மாட்டியாச்சு, மிஷினையே மாத்தியாச்சு, வரமாட்டேங்குது. நான் அசந்த நேரம் பாத்து நீ எதையோ திருகிட்டுப் போயிட்டே. பொறாமை!"

"நானா? நானா திருகினேன்?" சர்வேயரும் எழுந்துவிட்டார். "நீங்கதான் ஃபிட்டரைக் கையில போட்டுக்கிட்டு என் மழையைக் கெடுத்தீங்க. பால்கனியில நின்னு அவன் ரகசியம் பேசினதை நான் பாக்கலைன்னு நினைச்சீங்களா?"

"என் வீட்டு மழை போச்சேன்னு நான் அவனைக் கூப்பிட்டேன்டா! உன் மழை எப்படிப் போனா எனக்கென்ன?"

"அதானே! எது எப்படிப் போனா உங்களுக்கென்ன?" சர்வேயரின் குரல் உடைந்துவிட்டது. "நான் எதைச் செஞ்சாலும் பரவாயில்லை, பரவாயில்லைதான். ஒரே ஒரு தடவை, இந்த வாயைத் திறந்து, நல்லாயிருக்குடான்னு சொல்லியிருக்கீங்களா? அதுக்காகத்தான் இத்தனையும். இந்தக் கூரையைக் குடைஞ்சது, தூசி தின்னது, எல்லாம் அதுக்காகத்தான். போதுமா?"

சொல்லிவிட்டார். சொன்னதும் வெட்கமாகப் போய், ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தார்.

எதிராளி பதில் சொல்வான் என்று நினைத்தே பார்க்காத அண்ணன், முதல் தடவையாக ஒரு பதிலைக் கேட்டுவிட்டுத் திகைத்து நின்றார். பிறகு மெதுவாகச் சோபாவில் உட்கார்ந்தார்.

"இப்படி வந்து உக்காருடா," என்றார்.

சர்வேயர் உட்கார்ந்தார்.

"இந்த மழை வேண்டாம், விடு. அன்னிக்கு நம்ம வீட்டுல நீயும் நானும் உக்காந்து ஒரு மழை கேட்டோமே. ஊரெல்லாம் வெயில், நமக்கு மட்டும் மழை. எத்தனை வருஷம் கழிச்சு நாம ரெண்டு பேரும் அப்படிப் பேசாம, சண்டை போடாம உக்காந்திருந்தோம்? அதை மறுபடி கேக்கணும்னுதான் நானும் அந்த ஃபிட்டர் பின்னாடி அலையறேன்." அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அது நல்லாயிருந்துச்சுடா. ரொம்ப நல்லாயிருந்துச்சு."

சர்வேயருக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த வார்த்தை. இதில் சந்தேகப்படுவதற்கு ஒன்றுமே இல்லை. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து டீ தட்டோடு வந்த அண்ணி, அண்ணனும் தம்பியும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார். "என்ன ஆச்சு? எந்த மழையைப் பத்திப் பேசுறீங்க?"

"உனக்குப் புரியாது. இது சவுண்ட் விஷயம்," என்றார் அண்ணன். "போன மாசம் தம்பி வந்தப்போ படத்துல ஒரு மழை பெஞ்சுது."

"ஓ, அன்னிக்கா?" என்றார் அண்ணி, டீயை நீட்டிக்கொண்டே. "அன்னிக்கு நான் மோட்டாரைப் போட்டுட்டு நிறுத்த மறந்துட்டேங்க, மொட்டைமாடி டேங்க் வழிஞ்சு, பின்ஜன்னல் தகரத்து மேல அவ்வளவு நேரமா கொட்டிக்கிட்டிருந்துச்சு, சொல்லலாம்னுதான் ஓடி வந்தேன், நீங்க ரெண்டு பேரும் கண்ணை மூடிக்கிட்டு அப்படி ரசிச்சுக்கிட்டு இருந்தீங்க, மோட்டாரை நிறுத்த மனசே வரலை!"